தெர்மாமீட்டரை வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்

ஜப்பானியப் பச்சைத் தேநீரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வெந்நீரின் சூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எண்பது டிகிரி, அறுபது டிகிரி, கொதிநீரை ஊற்றினால் கெட்டது குடி. இந்த எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சூடு முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நல்ல தேயிலையை வாங்கிப் போய் வீட்டில் போட்டுக் குடித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு விலை?" என்று உதட்டைப் பிதுக்கிய என் நண்பர்கள் எல்லோரும் சூட்டைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் கோட்டைவிட்ட இடம் வேறு. இலையைக் கிள்ளிப் போட்டார்கள், தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார்கள்.

நான் இருப்பது ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில், ஃபுகுவோகா மாகாணத்துக் குருமே நகரில். ரப்பரால் வளர்ந்த ஊர் இது. என் பிழைப்பும் ரப்பர்தான். சோதனைக்கூடத்தில் கலவைகளை நிறுத்துப் போட்டு, இழுத்து, அறுத்துப் பார்க்கும் வேலை. எதையும் எடை போடாமல் நம்பாத புத்தி அங்கே ஒட்டிக்கொண்டது. இங்கிருந்து பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் யமே வந்துவிடும். நிழலில் வளர்த்த கியொகுரோ தேயிலைக்கு, கியோத்தோவின் உஜிக்கு இணையாகப் பேசப்படும் ஊர் அது. உஜிக்காரர்கள் இணை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யமேக்காரர்களோ அதற்கும் ஒரு படி மேலே என்பார்கள். எனக்கு அருகில் இருப்பது யமே, ஆகவே என் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.

கியொகுரோ என்பது தனிச் செடி அல்ல. வழக்கமான பச்சைத் தேநீரான சென்ச்சா, பொடியாக அரைத்த மட்சா, நம் ஊர் டீத்தூள் எல்லாம் வருகிற அதே தேயிலைச் செடிதான். வித்தியாசம் முழுவதும் பறிப்பதற்கு முந்தைய மூன்று வாரத்தில் இருக்கிறது. வசந்தத்தில் துளிர் விட்டதும் தோட்டத்தின் மேல் பந்தல் கட்டி வெயிலை மறைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய இருபது நாள் அந்த இருட்டுக்குள்தான் இலை வளர்கிறது. தியானின் என்ற அமினோ அமிலம் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது கேட்டெச்சினாக மாறும். தேநீரின் துவர்ப்பு கேட்டெச்சின் தருவது. வெயில் கிடைக்காத இலையில் தியானின் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடுகிறது. போதாததற்கு, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் அந்தக் கரும்பச்சை. தியானினை 1950இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே கியொகுரோ இலையிலிருந்துதான்.

மட்சாவுக்காகச் செடியை நிழலில் வளர்க்கும் வழக்கம் ஜப்பானில் நெடுங்காலமாக உண்டு. அப்படி வளர்ந்த இலையைப் பொடியாக அரைக்காமல் சுருட்டிக் காயவைத்து, தேநீர்க் கெண்டியில் ஊறவைத்துக் குடிக்கலாம் என்ற யோசனைதான் பிற்காலத்தது. 1835இல் எதோ (இன்றைய டோக்கியோ) நகர வணிகரான ஆறாம் யமமொத்தோ கஹெய் உஜிப் பக்கம் வந்தபோது அது பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. யமேயில் தேயிலை வந்த கதை இன்னும் பழையது. மிங் சீனாவில் படித்துத் திரும்பிய எய்ரின் ஷூசுய் என்ற ஜென் துறவி 1423இல் குரொகிப் பக்கத்து மலையில் ரெய்கன்ஜி கோயிலைக் கட்டியபோது, கூடவே தேயிலை விதையையும் ஊன்றினார் என்கிறார்கள். 2023இல் அதன் அறுநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள்.

இன்று பெரும்பாலான இடங்களில் நிழலுக்குக் கருப்பு வலையைத்தான் விரிக்கிறார்கள். யமேயின் மலைக்கிராமங்களில் சிலர் இன்னமும் வைக்கோல் வேய்கிறார்கள். செடியையும் வட்டமாக வெட்டிவிடாமல் அதன் போக்கில் உயரவிட்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை கையால் பறிக்கிறார்கள். இப்படிச் செய்த தேயிலைக்கு மட்டும் 'யமே தென்தோ ஹொன்கியொகுரோ' என்ற பெயர்; 2015இல் ஜப்பான் அரசு புவிசார் குறியீடு கொடுக்கத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே அது இடம்பிடித்தது. பந்தல் மேல் ஏறி வைக்கோலைப் பரப்புகிற ஆட்களில் எழுபது வயதுக்குக் குறைந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

ஜப்பான் அரசின் உணவுச்சத்து அட்டவணையில் ஒவ்வொரு தேநீரையும் எப்படித் தயாரித்து அளந்தார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. சென்ச்சாவுக்கு 10 கிராம் இலை, 430 மில்லி வெந்நீர், 90 டிகிரி, ஒரு நிமிடம். கியொகுரோவுக்கு அதே 10 கிராம் இலை, ஆனால் தண்ணீர் வெறும் 60 மில்லி. 60 டிகிரி, இரண்டரை நிமிடம். அதே இலைக்கு ஏழில் ஒரு பங்கு தண்ணீர்! இதை மறந்துவிட்டு, பெரிய குவளையில் ஒரு தேக்கரண்டி கியொகுரோவைப் போட்டு 60 டிகிரி வெந்நீரை நிறைய ஊற்றினால் கிடைப்பது வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீர். அதில் துவர்ப்பும் இராது, வேறு எதுவும் இராது. தியானினின் சுவை நாக்குக்கு எட்ட ஓர் அடர்த்தி வேண்டும். அந்த அடர்த்திக்குக் கீழே போனால் சூட்டை எத்தனை நுணுக்கமாக வைத்தும் பயனில்லை.

எனக்கு மட்டும் போட்டுக்கொள்ளும்போது நான் எடுப்பது 5 கிராம் இலை, 40 மில்லி தண்ணீர். முதல்முறை பார்ப்பவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். அதிலும் பாதி வெளியே வராது. காய்ந்த இலை தன் எடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். ஆக கோப்பையில் விழுவது 20 மில்லி, இருமல் மருந்தின் அளவு. ஆனால் அந்த 20 மில்லி நாக்கில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கும்.

சூட்டுக்கு நான் தெர்மாமீட்டர் வைப்பதில்லை. வேலையிடத்தில் நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வீட்டிலுமா அது? கொதித்த தண்ணீரை ஒரு பீங்கானிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும். யுசாமாஷி என்று மூக்கு வைத்த ஆறவைக்கும் கிண்ணம் ஒன்று விற்கிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு டம்ளர் போதும், ஆற்றத் தெரிந்த கைக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? பாத்திரத்தை உள்ளங்கையில் சிரமமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்க முடிகிற சூடு வந்தால் ஐம்பதுக்குப் பக்கம் வந்துவிட்டது என்று பொருள். இலையின் மேல் மெதுவாக ஊற்றி இரண்டு, இரண்டரை நிமிடம் விடவேண்டும். கிளறக்கூடாது, குலுக்கக்கூடாது. ஊசியாகச் சுருண்டிருந்த இலைகள் கால்வாசி விரிந்ததும் சாய்த்து வடிக்கவேண்டும்.

வடிக்கும்போது அவசரம் ஆகாது. கடைசியில் சொட்டுச் சொட்டாக இறங்குவதுதான் மிக அடர்த்தியானது. அதை உள்ளே விட்டுவிட்டால் இந்தக் கோப்பைக்கு நட்டம். அடுத்த கோப்பைக்கு அதைவிட நட்டம், ஏனென்றால் தேங்கிய தண்ணீரில் இலை வெந்துகொண்டே இருக்கும். இரண்டாவது சுற்றுக்கு அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அரை நிமிடம் போதும். இலை ஏற்கெனவே திறந்துவிட்டது. மூன்றாவது எண்பது. நான்காவதுக்குக் கொதிநீர்.

எல்லோரும் முதல் கோப்பையைத்தான் போற்றுவார்கள். என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதலாவது முழுக்க முழுக்க உமாமி, தியானின் தருகிற அந்தச் சாற்றுச்சுவை. கெட்டியாக, உப்பில்லாத சாறு போல வந்து, விழுங்கியபின் மெல்ல இனிக்கிறது. அருமைதான், ஆனால் ஒரே சுருதி. இரண்டாவதில்தான் கொஞ்சம் துவர்ப்பு நுழைந்து அந்த இனிப்புக்கு ஒரு விளிம்பு கிடைக்கிறது, மணமும் அப்போதுதான் முழுதாக எழுகிறது. நிழல் தேயிலைக்கே உரிய மணம் அது. காய்ந்த கடற்பாசித் தாளைத் தணலில் வாட்டினால் வருவதைப் போன்றது. வேதியியலும் இதற்குச் சாட்சி சொல்கிறது: இரண்டிலும் இருப்பது டைமெத்தில் சல்ஃபைடு.

சூட்டைப் பற்றிய பயத்தை முற்றிலும் போக்கியது யமேயின் ஃபுகுஷிமா தெரு. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் வைத்த பழைய வணிகர் வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. அணுவுலை விபத்து நடந்த ஃபுகுஷிமா வேறு, வடகிழக்கே வெகுதூரத்தில் இருப்பது. யமேயின் இந்தத் தெருவில் கொனொமி குடும்பத்தின் தேயிலைக் கடையில் 'ஹைகென்பா' என்ற ஓர் இடத்தை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் தேயிலையைத் தரம் பார்த்து விலை பேசிய இடம். வெளிச்சம் வடக்கிலிருந்து மட்டும். மற்ற பக்கமெல்லாம் கருப்பு. வெயில் நேராக விழுந்தால் இலையின் நிறம் பொய் சொல்லும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வண்ணக் கலவைகளை ஒப்பிடுவதற்காக எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு விளக்குப் பெட்டி வாங்கியிருக்கிறோம். அதே வேலையை இவர்கள் மரச்சட்டத்தையும் கரிநிறத்தையும் வைத்து முடித்துவிட்டார்கள்.

தரம் பார்ப்பவர்கள் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? வெள்ளைக் கிண்ணத்தில் 3 கிராம் இலை, அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். தேசியத் தேயிலைப் போட்டியிலும் இதுதான் முறை, கியொகுரோவுக்கும் விலக்கு இல்லை. சின்ன வலைக்கரண்டியால் இலையை அள்ளி முகர்ந்து பார்க்கிறார்கள். கொதிநீர் இலையிடம் இருப்பதையெல்லாம் கக்க வைத்துவிடும். முற்றிய இலை, அதிகம் வெந்த இலை, ஈரம் போகாமல் கட்டிய இலை எதுவும் அங்கே ஒளிய முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாவற்றையும் மூடி மறைக்கும். நல்ல இலை கொதிநீரைக் கண்டு அஞ்சுவதில்லை. உயர்ந்த கியொகுரோ வாங்கினால் ஒரே ஒரு தடவை இந்த முறையில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களிடம் உண்மை பேசினாரா என்று தெரிந்துவிடும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவையும் உண்டு. இலை மெல்லிய ஊசியாக, எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பாக இருக்கவேண்டும். மஞ்சள் கலந்த தட்டையான துண்டுகள் அதிகம் தெரிந்தால், பொட்டலத்தில் கியொகுரோ என்று எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு நகரலாம். கபுசேச்சா என்று ஒன்று கிடைக்கிறது, ஒன்றிரண்டு வாரம் மட்டும் நிழல் கட்டியது. நடுத்தரக் கியொகுரோவுக்குக் கொடுக்கும் பணத்தில் உயர்ந்த கபுசேச்சா வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

தேநீர்க் கெண்டி விஷயத்தில் கடைகள் நிறையக் கதை சொல்லும். தொகொனாமேயின் சிவப்புக் களிமண் கியூசு அழகானது. பக்கவாட்டில் கைப்பிடி, உள்ளே மண்ணிலேயே துளையிட்ட வடிகட்டி. சென்ச்சாவுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கியொகுரோவுக்கு எனக்குப் பிடித்தது ஷிபொரிதாஷி: கைப்பிடியும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது, மூடியும் வடிக்கும் மூக்கும் மட்டும் வைத்த ஒரு தட்டைக் கிண்ணம். தண்ணீர் சூடாக இல்லாததால் கைப்பிடி தேவையில்லை, இலை முழுசாக இருப்பதால் வடிகட்டியும் தேவையில்லை. அது கிடைக்காவிட்டால் மூடி போட்ட எந்தச் சின்னப் பீங்கான் கிண்ணமும் செய்யும்.

யமேயின் மலைக்குள் இருக்கும் ஹொஷினோ கிராமத்தில் இதையே இன்னும் சுருக்கிவிட்டார்கள். அங்குள்ள தேயிலைப் பண்பாட்டு இல்லத்தில் மூடி போட்ட சிறு கிண்ணத்தில் இலையை வைத்து, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து மூடியைச் சற்றே நகர்த்தி, அந்த இடுக்கு வழியாக உறிஞ்சவேண்டும். வருவது சில துளிகள்தான். மறுபடி தண்ணீர், மறுபடி உறிஞ்சல். கடைசியில் மூடியைத் திறந்து, மிஞ்சிய இலையின் மேல் புளிப்பான சோயா சாறு தெளித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். துளிர் இலை, நாரில்லை, அப்படியே சாப்பிடலாம்.

போன வசந்தத்தில் ஊரிலிருந்து வந்த அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். முதல் உறிஞ்சலுக்கே நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது, முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர்!" பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், இதுவரை நான் படித்த சுவைக்குறிப்புகளில் இதைவிடச் சரியான ஒன்று இல்லை. கீரைச்சாறு என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு குடிப்பவர்களுக்குக் கியொகுரோ உடனே பிடித்துவிடுகிறது. டீ என்று நினைத்துக் குடிப்பவர்கள்தான் விழிக்கிறார்கள். அம்மாவும் மூன்றாவது சுற்றுக்குள் வழிக்கு வந்துவிட்டார். இலையைச் சாப்பிடும் கட்டத்தில் மட்டும், இதைத் தாளிக்காமல் எப்படித் தின்பது என்று முணுமுணுத்தார். மறுநாள் என் வீட்டுச் சமையலறையில், முதல் நாள் மிஞ்சிய இலையைக் கடுகு, காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டுக் கிளறி வைத்திருந்தார். லேசான கசப்போடு, சூடான சோற்றுக்கு நன்றாகவே இருந்தது. இப்போது நான் இலையைத் தூக்கி எறிவதே இல்லை. இரண்டு மூன்று நாள் இலையைச் சேர்த்து வைத்தால் ஒருவருக்கான பொரியல் ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மென்மையாக இருக்கிறது என்று மாலையில் குடித்துவிடாதீர்கள். அதே அரசு அட்டவணைப்படி 100 மில்லி கியொகுரோவில் 160 மில்லிகிராம் காஃபீன். காப்பியில் 60, சென்ச்சாவில் 20. குடிப்பது கொஞ்சமாக இருக்கலாம், நான்கு சுற்றும் சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். ஹொஷினோவிலிருந்து திரும்பிய அன்று இரவு அம்மா ஒரு மணி வரை விழித்திருந்து, ஊரிலுள்ள உறவினர் ஒவ்வொருவரைப் பற்றியும் எனக்குத் தகவல் அறிக்கை கொடுத்தார். கோடையில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது: தண்ணீருக்குப் பதில் இலையின் மேல் பனிக்கட்டியை வைத்து அது உருகும்வரை விட்டுவிடுவது. குளிர்ந்த நீரில் தியானின் தாராளமாக இறங்கும், காஃபீனும் துவர்ப்பும் தயங்கும்.

தமிழ்நாட்டில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சொல்லவேண்டியது சூட்டைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. இந்தத் தேயிலையும் அந்தத் தண்ணீருக்கே பழகியது. அம்மா ஒரு பொட்டலத்தைக் கரூருக்கு எடுத்துப் போய், வீட்டு போர்வெல் தண்ணீரில் போட்டுவிட்டு, "வெறும் புல் வாசம்தான் வருகிறது, மகளே, உன் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணீரில் சுவையும் மணமும் மங்கிப்போகும். கேன் தண்ணீரிலோ சுத்திகரிப்புக் கருவியின் தண்ணீரிலோ போடச் சொன்னேன். மறுநாள் கடைக்காரர் விடுதலையானார். இன்னொன்று, நம் ஊர் வெக்கைக்கு இலை சீக்கிரம் சோர்ந்துவிடும். பிரிக்காத பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் எடுத்ததும் பிரித்தால் உள்ளே ஈரம் பூத்துவிடும், அறைச் சூட்டுக்கு வந்தபிறகே பிரிக்கவேண்டும். பிரித்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

விலைக்கு வருவோம். நான் வழக்கமாக வாங்கும் கியொகுரோ 50 கிராம் இரண்டாயிரம் யென். 5 கிராம் வீதம் பத்து வேளை. ஒரு வேளைக்கு இருநூறு யென், அதில் நான்கு கோப்பை, மேலும் கொஞ்சம் பொரியல். இங்கே ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுந்தால் இதைவிட அதிகம் ஆகும். ஆனால் இந்த விலை நீடிக்கும் என்று தோன்றவில்லை. மட்சாவுக்கு உலகமெங்கும் வெறி பிடித்திருக்கிறது. 2024 இலையுதிர்காலத்தில் கியோத்தோவின் பேர்பெற்ற கடைகளே, ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு போட்டன. நிழல் பந்தல் ஏற்கெனவே வைத்திருக்கும் விவசாயிக்கு, மெனக்கெட்டுச் சுருட்டும் கியொகுரோவை விட்டுவிட்டு மட்சாவுக்கான இலைக்கு மாறுவது லாபம். யமேயில் எனக்குத் தேயிலை விற்கும் பெரியவர் இதைப் பற்றிப் பேசும்போது கோபப்படுவதில்லை. "எனக்கும் பேரன் இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன்" என்கிறார்.

அவர் காட்டிய இன்னொரு வழியைச் சொல்கிறேன். கியொகுரோவைச் சலித்துப் பிரிக்கும்போது இளந்தண்டுகள் தனியே விழும். அவற்றைக் கரிகானே என்ற பெயரில் பாதி விலைக்கும் குறைவாக விற்கிறார்கள். அதே தோட்டம், அதே நிழல், அதே தியானின். கெட்டித்தன்மை மட்டும் கொஞ்சம் குறையும், பதிலுக்கு ஒரு வெளிச்சமான இனிப்பு கிடைக்கும். 5 கிராமுக்கு 60 மில்லி வரை தாங்கும், சூடு கொஞ்சம் ஏறினாலும் கோபித்துக்கொள்ளாது. வேலைநாள் காலையில் நான் குடிப்பது இதைத்தான். கரூரிலிருந்தும் ஆர்டர் வந்துவிட்டது: அடுத்த முறை வரும்போது விலை உயர்ந்த இலை ஒரு பொட்டலம் போதும், தண்டு நான்கு பொட்டலம், கூடவே அந்த மூடி வைத்த கிண்ணம் இரண்டு.